ஏறி இறங்கும் பூஸ்ட்: டேர்போவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"தம்பி, வண்டி ஒரு நேரம் குதிரை மாதிரி ஓடுது. ஒரு நேரம் கழுதை மாதிரி நிக்குது. எப்ப நிக்கும் எண்டு எனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது."

கற்பிட்டியிலிருந்து பேலியகொட மீன் சந்தைக்கு லொறி ஓட்டும் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலிப் பக்கத்திலிருந்து பெற்றோருடன் புத்தளத்துக்கு வந்தவர். அப்போது சிறுவன். முகாமில் வளர்ந்தவருக்கு, பல வருடங்கள் மற்றவர்களின் வாகனங்களை ஓட்டிய பிறகு, லீசிங்கில் எடுத்த இந்தச் சிறிய டீசல் லொறிதான் முதல் சொந்தச் சொத்து.

இழுவை குறைந்ததும் கராஜ் ஒன்றில் காட்டினார். "டேர்போ போய்விட்டது" என்றார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து டேர்போவை மாற்றினார். ஒன்பதாவது நாள் அதே கோளாறு திரும்பி வந்தது. கடைசியில் புத்தளத்தில் ஒரு வயதான பாஸ், இன்டர்கூலருக்குக் கீழே உள்ள இறப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். வாகனம் நிற்கும்போது அந்த வெடிப்பு மூடியிருக்கும். பாரம் இழுக்கும்போது வாய் திறக்கும். ஹோஸை மாற்றியதோடு கோளாறு முடிந்தது. நகை இன்னும் அடகில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்காக எழுதப்படுகிறது. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் புத்தளத்திலும் வானும் லொறியும் ஓட்டியே எத்தனையோ குடும்பங்கள் எழுந்து நின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், நம்மில் அதிகமானோர் ஓட்டுவது இன்னும் பழைய வாகனங்களைத்தான். பிழையாக மாற்றப்படும் ஒரு பாகம், ஒரு குடும்பத்தின் சில மாத வருமானம்.

பூஸ்ட் என்றால் என்ன?

எஞ்சின் எரிபொருளை எரிக்கக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடும். டேர்போவும் சுப்பர்சார்ஜரும் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு மேலாகத் தள்ளப்படும் இந்த அழுத்தமே பூஸ்ட்.

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றை ஓட்டும் சக்தி வேறு. டேர்போவைப் புகைக்காற்று சுழற்றுகிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. சுப்பர்சார்ஜரை எஞ்சினின் முன்பக்கத்திலுள்ள பெல்ட் சுழற்றுகிறது. நம் நாட்டில் டீசல் வான், லொறி, பஸ் என்று பார்த்தால் பெரும்பாலும் டேர்போதான். சுசுகி எவ்ரி போன்ற சிறிய பெற்றோல் வான்களிலும் டேர்போ வகை உண்டு. சுப்பர்சார்ஜர் குறைவு. மெர்சிடிஸின் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதப்பட்ட பழைய கார்கள், நிசான் நோட்டின் ஒரு வகை என்று சிலவற்றில் மட்டும் இருக்கிறது.

முதலில் அளவு, பிறகு ஸ்பானர்

"இழுக்குது, இழுக்கல்ல" என்பது ஓட்டுபவரின் உணர்வு. அதை எண்ணாக மாற்றாமல் எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம்.

புதிய வாகனங்களில் ஸ்கானரைப் பொருத்தி உள்ளெடுப்புக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஸ்கானர் வழக்கமாகக் காட்டுவது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். டாஷ்போர்டில் பூட்டும் பூஸ்ட் மானி காட்டுவது அதற்கு மேலான அழுத்தம் மட்டும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபஸ்கால், அதாவது 14.7 பி.எஸ்.ஐ. ஸ்கானர் 200 என்று காட்டினால் உண்மையான பூஸ்ட் ஏறக்குறைய 100 கிலோபஸ்கால்தான். அது 1 பார்.

புத்தளம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கானரைப் பாருங்கள். அழுத்தம் 100, 101 என்று காட்ட வேண்டும். 85 அல்லது 120 என்று காட்டினால் டேர்போவைச் சந்தேகிக்க வேண்டாம். சென்சரோ அதன் வயரோ பிழை. (நுவரெலியாவில் இதே சோதனையைச் செய்தால் 81 அளவில் காட்டும். அங்கே அதுதான் சரி.)

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஒரே வீதி, ஒரே பாரம், ஒரே கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து அக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, பக்கத்தில் இருப்பவர் எண்ணைக் குறிக்கட்டும். ஓட்டுபவர் ஸ்கானரைப் பார்க்கக் கூடாது. வெறும் வண்டியில் ஒரு நாளும் பாரத்தோடு மறுநாளும் பார்த்துவிட்டு "பூஸ்ட் மாறுகிறது" என்று சொல்ல முடியாது. பாரம் கூடினால் பூஸ்டும் கூடுவதே இயல்பு.

எஞ்சின் கணினி 'கேட்கும்' பூஸ்ட், உண்மையில் 'கிடைக்கும்' பூஸ்ட் என்ற இரண்டையும் ஸ்கானர் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

- இரண்டும் சமமாக இருந்தும் இழுவை இல்லை: கோளாறு பூஸ்டில் இல்லை. டீசல் பில்டர், கிளச் வழுக்கல், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள்.
- கிடைப்பது எப்போதும் குறைவு: காற்றுக் கசிவு, அடைத்த பில்டர், திறந்தபடி நிற்கும் வால்வு.
- கிடைப்பது கேட்பதைவிடக் கூட: டேர்போவின் அழுத்தக் கட்டுப்பாடு மூடியபடி இறுகியிருக்கிறது.
- ஒரு நேரம் கூட, ஒரு நேரம் குறைவு: இறுகி விடுபடும் பாகம், வெடித்த வெற்றிடக் குழாய், தளர்ந்த மின்னிணைப்பு.

பதிவாகும் குறியீடுகளில் பீ0299 என்பது பூஸ்ட் குறைவு. பீ0234 என்பது பூஸ்ட் கூடுதல். இவை நோயின் பெயர் அல்ல, காய்ச்சலின் அளவு மாதிரி. "பீ0299 வந்திருக்கு, டேர்போ மாத்தணும்" என்று யாராவது சொன்னால், அடுத்து என்ன சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

எப்போது வருகிறது?

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு நேரம்தான் சாட்சி. ஒரு சிறிய கொப்பியில் ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்.

எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதா? கணினி தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பாகத்தைத் தேடுங்கள். பாரம் ஏற்றினால் மட்டும் வருகிறதா? ஹோஸ் வெடிப்பு அல்லது தளர்ந்த கிளிப். மழைக்குப் பிறகு அல்லது வாகனம் கழுவிய பிறகு வருகிறதா? மின்னிணைப்பு, அல்லது சுப்பர்சார்ஜர் பெல்ட். டீசல் அடித்த பிறகு வருகிறதா? எரிபொருள். சூடானதும் வருகிறதா? மின்காந்த வால்வு, அடைத்த இன்டர்கூலர்.

மலிவான இடத்திலிருந்து தொடங்குங்கள்

*எயார் பில்டர்.* கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. தோட்டத்து வீதிகளில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றும் லொறியின் பில்டர், கொழும்பில் ஓடும் வாகனத்தின் பில்டரைவிட வெகு விரைவில் அடைத்துவிடும். கையேடு சொல்லும் கிலோமீற்றருக்காகக் காத்திருக்க வேண்டாம். பில்டர் பெட்டியின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளி வழியாகப் புகும் மணல், அந்த வேகத்தில் சுழலும் டேர்போவின் இலைகளை அரித்துவிடும்.

*ஹோஸ்களும் கிளிப்புகளும்.* டேர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்கள் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும். கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு அதிகம். குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். எண்ணெய் தேங்கி நின்றால் அது வேறு பிரச்சினை.

*சவர்க்கார நீர்ச் சோதனை.* கண்ணால் காணாததை இது காட்டும். டேர்போவுக்குள் காற்று நுழையும் குழாயின் வாயை ஒரு பீ.வி.சி. மூடியால் அடைத்து, அந்த மூடியில் ஒரு ரயர் வால்வைப் பொருத்துங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் அந்த இடத்தில் சேர்ந்தால் அதையும் அடையுங்கள். எஞ்சின் ஒயில் மூடியைத் திறந்து வையுங்கள். பிறகு கால் பம்பினால் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காற்றடித்து, இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் பொக்கற்றில் இருக்க வேண்டும். கராஜ் கொம்பிரஸரின் முழு அழுத்தத்தையும் நேரே கொடுத்தால் ஹோஸ் கழன்று முகத்தில் அடிக்கும், சீல்களும் கெடும்.

*இன்டர்கூலர்.* இது வாகனத்தின் முன்பக்கத்தில் உப்புக்காற்றை நேரே வாங்கும் அலுமினியத் தகடு. கரையோர வாகனங்களில் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்வதைக் காணலாம். மீன் லொறிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்தையும் வயர்களையும் தின்கிறது. கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால், மெதுவான அழுத்தத்தில், முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். வடிகுழாயை நீட்டி, தண்ணீர் எஞ்சின் பக்கம் போகாமல் செய்யுங்கள்.

*வெற்றிடக் குழாயும் மின்காந்த வால்வும்.* பல டேர்போக்களில் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் தண்டை ஒரு மெல்லிய குழாய் வழியாக வரும் வெற்றிடமோ அழுத்தமோ இயக்குகிறது. பென்சில் தடிப்புள்ள இந்தக் குழாய் வெயிலிலும் சூட்டிலும் வெடித்துவிடும். விலை மிகக் குறைவு, விளைவோ முழு டேர்போவும் பழுதானது போலத் தெரியும். வால்வின் மின்னிணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பச்சை நிறம் படிந்திருந்தால் உப்பு வேலை செய்திருக்கிறது. சுத்தம் செய்து, மின்னிணைப்புக்கான கிறீஸ் பூசி மூடுங்கள்.

இறுகும் இலைகள்

டொயோட்டா கே.டி.எச். வான்களில் வரும் 1கே.டி. எஞ்சின் போன்றவற்றில், டேர்போவுக்குள் அசையும் சிறு இலைகள் உண்டு. குறைந்த வேகத்தில் அவை மூடி புகைக்காற்றை வேகப்படுத்தும். கூடிய வேகத்தில் திறந்து விடும். புகைக்கரி படிந்தால் இலைகள் பாதியில் இறுகும். மூடியபடி இறுகினால் பூஸ்ட் எகிறும், திறந்தபடி இறுகினால் பூஸ்ட் வராது. "ஒரு நேரம் குதிரை, ஒரு நேரம் கழுதை" என்பதற்கு மிகப் பொருத்தமான காரணங்களில் இது ஒன்று.

ஏ.சி.க்காக மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடவிடும் வான்களில் கரி விரைவில் படியும். எஞ்சின் நிற்கும்போது கட்டுப்பாட்டுத் தண்டு தடையின்றி முழுத் தூரமும் நகர்கிறதா என்று பார்க்கலாம். மின்மோட்டரால் இயங்கும் வகையைக் கையால் வலிந்து தள்ள வேண்டாம், ஸ்கானர் மூலம் இயக்கிப் பார்க்க வேண்டும். இலைகள் மட்டும் இறுகியிருந்தால், பல வேளைகளில் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

இதோடு ஈ.ஜி.ஆர். வால்வையும் பாருங்கள். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இந்த வால்வு கரியால் திறந்தபடி நின்றால் டேர்போவைச் சுழற்ற வேண்டிய காற்று வேறு வழியில் போய்விடும். கறுப்புப் புகையும் வரும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது எல்லாச் சாரதிகளுக்கும் தெரிந்த விடயம். தகடு வைத்து வால்வை அடைத்துவிடுவதைவிடச் சுத்தம் செய்வதே சரியான வழி.

டேர்போவுக்கு முன்னால் உள்ள புகைக்குழாய் கஸ்கெற்றில் கசிவு இருந்தாலும் பூஸ்ட் குறையும். கரிக்கோடும் 'டிக் டிக்' என்ற சத்தமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மண்ணெண்ணெய்ப் பழக்கம்

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை நம்முடையது. நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டு போன கார்கள் அவை. அந்தத் திறமை நம் மெக்கானிக்குகளின் பெருமை.

ஆனால் இன்றைய டீசல் எஞ்சினில் அதைச் செய்ய முடியாது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 யூன் இறுதியில் 460 ரூபாவானபோது, மண்ணெண்ணெய் கலந்தவர்கள் இருந்தார்கள். புதிய எஞ்சின்களின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் உராய்வைத் தடுக்கும் எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து, இழுவை குறையும். அப்போது பலர் குற்றம் சொல்வது டேர்போவை. படகுக்கும் லொறிக்கும் ஒரே கேனில் எரிபொருள் எடுப்பவர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். கேனில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும் இதே நிலைதான். டீசல் பில்டரின் அடியிலுள்ள தண்ணீரை அடிக்கடி வடியுங்கள்.

சுப்பர்சார்ஜர் உள்ள காருக்கு

சோதிக்கும் முறை ஒன்றுதான், சந்தேகப்படும் பாகங்கள் வேறு. சுப்பர்சார்ஜரின் பூஸ்ட் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து உயர வேண்டும்.

வேகம் கூடும்போது பூஸ்ட் உயர்ந்து, பிறகு திடீரென விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டில் வெடிப்பு, எண்ணெய், தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சில்லின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கும். எல்லா வேகத்திலும் பூஸ்ட் குறைவென்றால், காற்றைச் சுற்றி வெளியே விடும் பைபாஸ் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது குழாயில் கசிவு. ஒரு நேரம் பூஸ்ட் முழுதாகவும் ஒரு நேரம் சுத்தமாக இல்லாமலும் இருந்தால், மின்காந்தக் கிளச் உள்ள கார்களில் அந்தக் கிளச்சுக்கு மின் போகிறதா என்று அளந்து பாருங்கள். சில சுப்பர்சார்ஜர்களின் கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. 'கடகட' சத்தம் வந்தால் ஓட்டுவதை நிறுத்தி, அந்த எண்ணெயின் அளவைப் பாருங்கள்.

டேர்போ உண்மையாகவே பழுதானால்

எஞ்சின் ஆறிய பிறகு, காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் உணரக்கூடிய ஆட்டம் இருக்கக் கூடாது. இலை சுவரில் உரசிய அடையாளம், நீலப் புகை, சைரன் போன்ற சத்தம், வேகமாகக் குறையும் ஒயில் இவை பெரிங் போனதற்கான சான்றுகள்.

அப்போதும், டேர்போ ஏன் போனது என்று கேட்காமல் புதியதைப் பூட்ட வேண்டாம். டேர்போக்கள் பெரும்பாலும் சாவது ஒயில் இல்லாமல் அல்லது ஒயில் அழுக்கால். ஒயில் வரும் குழாய் அடைத்திருந்தால் புதியதும் அதே வழியில் போகும். குழாயைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, ஒயிலும் பில்டரும் புதிதாகப் போட்டு, இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடித்து, டேர்போவுக்குள் சிறிது ஒயில் விட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். தேங்கிய எண்ணெயை டீசல் எஞ்சின் உறிஞ்சினால், சாவியை எடுத்தாலும் நிற்காமல் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். அப்படி நேர்ந்தால் கை கியர் வாகனத்தில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை இறுக மிதித்தபடி கிளச்சை விட்டு நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அருகில் போக வேண்டாம்.

ஓட்டும் பழக்கமும் முக்கியம். குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்க வேண்டாம். பாரத்தோடு நீண்ட தூரம் ஓடி வந்தால், நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

கராஜில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. கேட்கும் பூஸ்ட் எவ்வளவு, கிடைக்கும் பூஸ்ட் எவ்வளவு?
2. காற்றுக் கசிவைச் சோதித்தீர்களா? எப்படி?
3. வெற்றிடக் குழாய், வால்வு, ஈ.ஜி.ஆர். மூன்றையும் பார்த்தீர்களா?
4. கழற்றிய பழைய பாகத்தை எனக்குத் தருவீர்களா?

நேர்மையான பாஸ் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். பதில் சொல்ல மறுத்தால், காசைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு இடத்தில் காட்டலாம்.

அந்த மீன் லொறிக்காரரிடம் பிறகு ஒரு தடவை பேசினேன். டாஷ்போர்டில் ஒரு சிறிய பூஸ்ட் மானி பூட்டியிருக்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில் மகளின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்று. திகதி, பாரம், பூஸ்ட் என்று மூன்று நிரல்கள். "முந்தி இதைச் செஞ்சிருந்தா நகை வீட்டில இருந்திருக்கும்" என்றார். கழற்றிய பழைய டேர்போவைக் கேட்டு வாங்கி வைக்கவில்லை என்பதுதான் அவருக்கு இப்போதும் கவலை. அது நல்ல டேர்போ.